பூசும் முன் துடையுங்கள்

வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. பாகங்கள் அடங்கிய கிட் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து பெயின்ட் ஏறும் நாள் வரை மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை வெற்றுடம்பாகக் கிடக்கும் அலுமினியத்தையும் எஃகையும் எப்படிக் காப்பது?

கே: ஆர்வி-14 விமானக் கிட் வாங்கியிருக்கிறேன். உட்புறம் முழுக்க ப்ரைமர் (அடிப்பூச்சு) அடி என்கிறார் ஒரு நண்பர். ஆல்கிளாட் தகட்டுக்கு ப்ரைமர் எதற்கு, வீண் எடை என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?
— டாம்பா, புளோரிடா

ப: உங்கள் ஊர் கடலோர டாம்பா என்பதால் முதலாமவர் பேச்சை. வறண்ட அரிசோனாவிலிருந்து எழுதியிருந்தால் இரண்டாமவர் பக்கம் பாதி சாய்ந்திருப்போம்.

காரணம் தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. விமானத்தின் மேல்தகடு 2024-டி3 ரகம். அதற்குப் பலம் தருவது அதில் கலந்திருக்கும் நாலு சொச்சம் சதவீதச் செம்பு. அதைக் கெடுப்பதும் அதே செம்புதான். உப்பு ஈரம் பட்டால், செம்பு திரண்ட துகள்களைச் சுற்றியுள்ள அலுமினியம் கரைந்து குழி விழும். அதனால்தான் ஆலையிலேயே தகட்டின் இரு பக்கமும் ஏறக்குறைய தூய அலுமினியத்தைப் போர்வைபோல உருட்டி ஒட்டிவிடுகிறார்கள். அதுவே ஆல்கிளாட். போர்வை முதலில் கரையும், உள்ளே இருப்பது தப்பிக்கும். ஆனால் அந்தப் போர்வை எத்தனை கனம்? 0.032 அங்குலத் தகட்டில் ஒரு பக்கத்துக்கு 5 சதவீதம், அதாவது 0.04 மில்லிமீட்டர். தலைமுடியில் பாதி.

"செஸ்னாக்காரர்கள் ப்ரைமரா அடித்தார்கள்?" என்று இரண்டாமவர் கேட்டிருப்பார். உண்மைதான். 1960, 70களில் வந்த செஸ்னா 172-கள் பலவற்றின் உட்புறம் ப்ரைமர் இல்லாமலேதான் வந்தது. வறண்ட ஊரில் ஹேங்கருக்குள் நின்றவை இன்றும் பளபளப்பாக இருக்கின்றன. கடலோரத்தில் வெட்டவெளியில் நின்றவற்றைத் திறந்து பார்த்தால் கதை வேறு.

எல்லா இடத்துக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. காற்றோட்டமாக இருக்கும் தகட்டின் நடுப்பகுதி பிழைத்துக்கொள்ளும். ரிப் எனப்படும் உள்சட்டத்தின் மடிப்பும் மேல்தகடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம்தான் முதலில் போகும். தண்ணீர் தானாகவே அந்த இடுக்குக்குள் ஏறிவிடும், வெளியே வர வழி தெரியாது. ஆகவே குறைந்தபட்சம் இவற்றுக்கு அடியுங்கள்: ஒன்றோடொன்று படியும் எல்லாப் பரப்புகளும், போர்வை இல்லாத அலுமினியக் கட்டைகளும் ஆங்கிள்களும், எஃகு வந்து உட்காரும் இடங்கள், பேட்டரித் தட்டின் அடி, வால்பகுதியின் அடித்தளம், கேபின் தரையின் கீழ்ப்பகுதி. ஆனோடைஸ் செய்து (மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றி) வரும் ஸ்பாருக்கு, அதாவது இறக்கையைத் தாங்கும் நீளச் சட்டத்துக்கு, மறுபடி எதுவும் வேண்டாம். நீங்கள் புதிதாகத் துளையிட்ட இடங்களில் மட்டும் தொட்டுவிடுங்கள்.

எடைக் கணக்கும் பார்த்துவிடலாம். காய்ந்த எப்பாக்ஸி ப்ரைமர் 20 மைக்ரான் கனத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிராம் வரும். 50 சதுர மீட்டர் அடித்தாலும் ஒன்றரை கிலோதான். "நிறம் நன்றாகத் தெரியட்டும்" என்று மூன்று கோட் போடுகிறவர்களுக்குத்தான் எடை ஒரு பிரச்சினை.

கே: தகடுகளின் மேல் வந்த நீலப் படலத்தை, கீறல் விழக்கூடாதே என்று இரண்டு குளிர்காலம் எடுக்காமல் வைத்திருந்தேன். இப்போது உரித்தால் அடியில் வெள்ளைத் திட்டுகள். தகடு போய்விட்டதா?
— சியாட்டில்

ப: பதறாமல் முதலில் மிச்சப் படலத்தையும் உரித்துவிடுங்கள். ஓரம் தூக்கிய இடத்திலும், ரிவெட் வரிசைக்காக வெட்டிய இடத்திலும் ஈரம் உள்ளே புகுந்து அங்கேயே தங்கும். அந்தப் படலம் லாரிப் பயணத்துக்கும் முதல் சில வாரங்களுக்கும் மட்டுமே. நாளாக நாளாகப் பசையும் இறுகும். இறுகிய பசையைக் கத்தியால் சுரண்டாதீர்கள். பழைய பிளாஸ்டிக் ஏடிஎம் கார்டும் மினரல் ஸ்பிரிட்டும் போதும்.

அடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு திட்டின் மேல் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கினால் அது நீர்க்கறை, பார்வைக்கு மட்டும்தான் குறை. வெள்ளைப் பொடி உதிர்ந்து, அடியில் குண்டூசி முனை அளவில் கரும்புள்ளிகள் இருந்தால் அவை குழிகள். பொடியை நைலான் பிரஷ்ஷால் நீக்கி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த அலுமினியக் கழுவியைச் சொன்ன அளவுக்கு நீர்த்துத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பொடி துளி மிஞ்சினாலும் ப்ரைமருக்கு அடியில் அரிப்பு தொடரும்.

போர்வை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய உத்தி உண்டு. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, 10 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலைக் குச்சி முனையால் ஒரு சொட்டு வையுங்கள். சில நிமிடத்தில் அந்த இடம் கறுத்தால், செம்பு கலந்த உள்தகடு வெளியே வந்துவிட்டது என்று பொருள். வெளுப்பாகவே இருந்தால் போர்வை இருக்கிறது. பார்த்தவுடன் நன்றாகக் கழுவிவிட வேண்டும். கழுவ முடியாத மூலை முடுக்கில் இந்தச் சோதனையே வேண்டாம்.

போர்வை போன இடம் தகட்டின் நடுவில் என்றால் சுத்தம் செய்து அன்றே ப்ரைமர் அடித்தால் போதும். ரிவெட் வரிசையை ஒட்டியோ ஸ்பார் மேலோ குழி விழுந்திருந்தால் படம் எடுத்துக் கிட் நிறுவனத்தின் பொறியாளருக்கு அனுப்பிக் கேளுங்கள். தகடு ஏடு ஏடாகப் பிரிந்து உப்பியிருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. குப்பைதான்.

இனி அடுக்கும்போது தகடுகளைப் படுக்கவைக்காமல், இடையில் மரப்பட்டி கொடுத்து நிறுத்திவையுங்கள். நெளி அட்டையோ செய்தித்தாளோ இடையில் வேண்டாம். அவை ஈரத்தை உறிஞ்சி உலோகத்தின் மேலேயே ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கே: பிசிறு எடுத்த பிறகு ஸ்டீல் உல் வைத்துத் தேய்க்கலாமா? பென்சிலால் கோடு போடக்கூடாது என்கிறார்களே, அது மூடநம்பிக்கையா?
— டொராண்டோ

ப: ஸ்டீல் உல் கூடாது. எஃகு இழைத் துணுக்குகள் அலுமினியத்தில் புதைந்து, ஒவ்வொன்றும் ஒரு குட்டி பேட்டரியாக வேலை செய்யும். எஃகில் ஓட்டிய கம்பி பிரஷ்ஷும் அப்படியே. பென்சில் விஷயம் மூடநம்பிக்கை அல்ல. அதன் கரி கிராஃபைட். அலுமினியத்தோடு சேர்ந்து ஈரம் பட்டால் கரைவது அலுமினியம்தான். கார்பன் ஃபைபர் பாகத்தை அலுமினியத்தின் மேல் நேரடியாக வைக்காமல் நடுவில் ஒரு சுற்றுக் கண்ணாடி இழைத்துணி கொடுப்பதும் இதே காரணத்தால். நுனி மெல்லிய மார்க்கர் பேனா வாங்குங்கள். ப்ரைமருக்கு முன் அந்த மையையும் ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேல் பெயின்டில் நிழல் தட்டும்.

கே: இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி ப்ரைமர், விலை உயர்ந்ததுதான். அடித்து ஒரு வாரம் கழித்து மாஸ்கிங் டேப்பை இழுத்தேன், பட்டை பட்டையாக உரிந்து வந்துவிட்டது. ப்ரைமர் மட்டமா?
— ஹூஸ்டன், டெக்சஸ்

ப: உரிந்த சில்லைத் திருப்பிப் போட்டு அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ப்ரைமர் குற்றவாளியா இல்லையா என்பதை அது சொல்லிவிடும்.

அடிப்பக்கம் கண்ணாடிபோல மின்னினால், தகட்டைச் சொரசொரப்பாக்கவில்லை. சாம்பல் பொடி ஒட்டியிருந்தால், கழுவாத அமிலமோ தேய்த்த தூளோ நடுவில் நின்றுவிட்டது. சின்னச் சின்ன வட்டக் குழிகள் தெரிந்தால் சிலிகான். யாரோ கராஜில் கார் டயருக்கு ஸ்ப்ரே அடித்திருப்பார்கள். அந்த ஸ்ப்ரே டப்பா கராஜின் கதவைத் தாண்டவே கூடாது.

முதலில் எண்ணெய் எடுக்க வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்து, துளையிட்டபோது வழிந்த எண்ணெயைத் தாங்களே தகட்டுக்குள் தேய்த்துவிடுகிறார்கள். ஒரு துணியில் அசிட்டோன், மறு கையில் காய்ந்த துணி. ஈரம் ஆவியாகும் முன் காய்ந்த துணியால் வாங்கிவிட வேண்டும், ஆறவிட்டால் எண்ணெய் அங்கேயே திரும்பப் படியும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பானைத் தண்ணீரோடு லேசாகச் சுழற்றுங்கள். பரப்பு முழுக்க ஒரே சீராக மங்க வேண்டும், பளபளப்புத் தீவுகள் எங்கும் மிஞ்சக்கூடாது. டிம்பிள் (ரிவெட் தலை உட்காரும் பள்ளம்) விளிம்பும் மடிப்பின் உள்மூலையும் எப்போதும் ஏமாற்றும். அதற்காக அழுத்தித் தேய்த்தால் அரை முடி கனப் போர்வை போய்விடும்.

அலசிவிட்டுத் தகட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக அரை நிமிடம் நின்றால் சுத்தம். தாமரை இலைபோல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து. இந்தச் சோதனைக்குப் பின் வெறுங்கையால் தொடாதீர்கள், நைட்ரைல் கையுறைதான். விரல் ரேகையில் உப்பும் எண்ணெயும் சேர்ந்தே இருக்கின்றன. கம்ப்ரசர் காற்றால் உலர்த்துவதானால் குழாயில் எண்ணெய், நீர் வடிகட்டி இருக்கட்டும்.

ப்ரைமரைக் கலக்கும் முன் டப்பாவின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும் நிறமியைக் கிளறிக் கலந்துவிடுங்கள். அரிப்பைத் தடுக்கும் சரக்கு அங்கேதான் இருக்கிறது. கலந்த பின் சில ரகங்களுக்கு 30 நிமிடம் ஊறல் நேரம் உண்டு. அதைத் தாவாதீர்கள். காய்ந்த கனம் 15 முதல் 25 மைக்ரான் இருந்தால் நிறைவு, அடித்தகடு லேசாக நிழலாடுவதுபோல் தெரியலாம். சிறு ஸ்ப்ரே கன்னில் தெறித்து வீணாவதையும் சேர்த்தால் ஒரு லிட்டர் கலவைக்கு ஏழெட்டு சதுர மீட்டர் கணக்கு வையுங்கள்.

ஹூஸ்டனில் இன்னொன்று, பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. தகட்டின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து தகட்டை எடுத்துவந்து மாலை நேரக் காற்றில் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல்தான் அடிக்கிறீர்கள். உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் எங்கள் முதல் சந்தேகம் இதுதான்.

ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு துண்டுத் தகட்டுக்கும் அடித்துவையுங்கள். ஏழு நாள் கழித்து அதில் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி இழுத்துப் பார்க்கலாம்.

கே: அலோடைன் (ப்ரைமருக்கு முன் அலுமினியத்தில் ஏற்றும் குரோமிய வேதிப்பூச்சு) வீட்டில் செய்யலாமா?
— சான் டியேகோ

ப: செய்யலாம், எது என்பதைப் பொறுத்து. பொன்னிறம் தரும் பழைய ரகத்தில் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. மூன்று இணைதிறன் ரகம் வந்துவிட்டது. நிறமே தெரியாது என்பதால் "பிடித்ததா இல்லையா" என்று சந்தேகமாக இருக்கும், அது ஒன்றுதான் அதிலுள்ள தொல்லை. எதுவானாலும் பிளாஸ்டிக் தொட்டி, சொன்ன நிமிடங்கள், பரப்பு காயும் முன் அலசல். அதிக நேரம் விட்டால் பூச்சு பொடியாக வரும், அதன் மேல் ப்ரைமர் நிற்காது. உலர்த்த ஹீட் கன் வேண்டாம், 60 டிகிரியைத் தாண்டினால் பூச்சின் காக்கும் சக்தி குறைந்துவிடும். குரோமேட் கரைசல் துடைத்த துணி காய்ந்தால் தீப்பிடிக்கும். அலசிவிட்டுத்தான் கழிக்க வேண்டும். கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் உங்கள் கவுன்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

கே: 4130 எஃகுக் குழாயில் ஃப்யூஸலாஜ் (விமான உடற்கூடு) வெல்டிங் முடிந்தது. சாண்ட் பிளாஸ்ட் செய்து மறுநாள் ப்ரைமர் அடிக்கலாம் என்றிருக்கிறேன். பவுடர் கோட்டிங் மேலா? குழாயின் உள்ளே என்ன செய்வது?
— மினியாபோலிஸ்

ப: மறுநாள் வேண்டாம், அன்றே. பிளாஸ்ட் செய்த எஃகு பசித்த உலோகம். காலையில் வெள்ளிச் சாம்பலாக இருப்பது ஈரமான இரவுக்குப் பின் மஞ்சள் தட்டும். முழுக் கூட்டையும் ஒரே நாளில் முடிக்க முடியாதென்றால் பாதிப் பாதியாகச் செய்யுங்கள். குழாயின் சுவர் 0.035 அங்குலம்தான் என்பதால் 80 முதல் 120 கிரிட் வரையிலான அலுமினியம் ஆக்சைடு தூள் போதும். புஷ்ஷிங்குகளை (போல்ட் நுழையும் உலோக உறைகளை) முன்கூட்டியே அடைத்துவிடுங்கள்.

பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஆனால் கனமான தோல். ஓரிடத்தில் உடைந்தால் ஈரம் அடியிலேயே ஊர்ந்து போகும், வெல்டில் விரிசல் வந்தாலும் மறைத்துவிடும். எங்கள் ஓட்டு எப்பாக்ஸி ப்ரைமருக்கும் அதன் மேல் வெளிர் நிறத்துக்கும். விரிசல் விட்டால் வெள்ளையில் துருக்கோடு தானே காட்டிக்கொடுக்கும். துணி போர்த்தும் விமானம் என்றால் எப்பாக்ஸி கட்டாயமே. துணிப் பசையிலுள்ள கரைப்பான் ஒற்றைப் பாக ப்ரைமரைச் சுருக்கித் தூக்கிவிடும்.

உள்ளே: முழுக்க அடைபட்ட குழாயில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு நிற்கும். ஆனால் வெல்டில் ஒரு ஊசித்துளை இருந்தாலும் குழாய் இரவு பகலாக மூச்சு விடும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் 3 மில்லிமீட்டர் துளை வழியாகச் சூடாக்கிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, கூட்டை எல்லாப் பக்கமும் புரட்டி, ஒன்றிரண்டு நாள் நன்றாக வடியவிட்டு, துளையை டிரைவ் ஸ்க்ரூவால் (அடித்து இறக்கும் திருகால்) அடையுங்கள். எடையை ஊற்றும் முன்னும் வடிந்த பின்னும் பாருங்கள், வடியாமல் நின்ற எண்ணெய் அதில் தெரிந்துவிடும். வெல்டிங் வேலை ஒன்றுகூட பாக்கியில்லை என்று உறுதியான பிறகே இது. அதிகம் கவனிக்க வேண்டியது வால் முனையில், கூட்டின் அடியில் நீளவாக்கில் ஓடும் குழாய்; விமானம் வாலில் நிற்கும்போது தண்ணீரெல்லாம் அங்கேதான் இறங்கும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த டப்பாவில் போடுங்கள்.

கே: ஸ்பிரிங் ஸ்டீல் லேண்டிங் கியர் காலில் துருப் புள்ளிகள். ஹார்டுவேர் கடையில் விற்கும் துரு நீக்கும் அமிலத்தில் ஊறவைக்கட்டுமா?
— மெல்பர்ன்

ப: வேண்டவே வேண்டாம். கடினமாக்கிய எஃகுக்குள் அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் புகுந்துகொள்ளும். பிறகு ஒரு நாள், வளையாமல் நெளியாமல், படக்கென்று முறியும். நுண்ணிய எமரித் தாளால் காலின் நீளவாக்கில் மட்டும் தேய்த்து எடுங்கள், குறுக்குக் கீறல் விரிசலுக்குத் தொடக்கம். தேய்த்த பின்னும் பத்து மடங்கு லென்ஸில் குழி தெரிந்தால் தயாரிப்பாளரைக் கேட்காமல் மாட்டாதீர்கள். துருப்பிடித்த போல்ட்டைத் தேய்க்கவே வேண்டாம், தூக்கிப் போட்டுப் புதிது மாட்டுங்கள். அதன் மேலுள்ள கேட்மியம் முலாமைத் தேய்த்தால் வரும் தூசும் விஷம்.

கே: ப்ரைமர் எங்கெல்லாம் படக்கூடாது?
— சிங்கப்பூர்

ப: எர்த் வயர் உட்காரும் இடம், பேரிங், புஷ்ஷிங், கீல் கம்பி, திருகின் மரை. எர்த்துக்கு டெர்மினல் அளவே சுரண்டி, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே சீலன்ட்டால் மூடிவிடுங்கள். கனமான பெயின்டின் மேல் போல்ட் இறுக்கினால் பெயின்ட் நாளடைவில் நசுங்கி இறுக்கம் தளரும். அதனால் முக்கியமான போல்ட் இணைப்புகளில் மெல்லிய ப்ரைமர் ஒரு கோட்டோடு நிறுத்துங்கள். கூடவே இன்னொன்று: வாலின் அடியிலும் அசையும் பாகங்களிலும் உள்ள வடிகால் துளைகளை ப்ரைமரோ சீலன்ட்டோ அடைத்துவிட்டதா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.

கே: தள்ளுபடி விலையில் லைகமிங் எஞ்சின் கிடைக்கிறது. விமானம் முடிய இரண்டு ஆண்டு ஆகும். வாங்கிவைத்து, மாதம் ஒருமுறை கையால் சுற்றிவிட்டால் போதுமா?
— அட்லாண்டா

ப: சுற்றிவிடுவதுதான் கெடுதல். லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) கிராங்க்ஷாஃப்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுக்கு) மேலே இருக்கிறது. எண்ணெய் வடிந்து, மெல்லிய படலம் மட்டும் அதன் மேல் ஒட்டியிருக்கும். கையால் சுற்றினால் புதிய எண்ணெய் மேலே ஏறாது, இருக்கும் படலமும் வழித்துக்கொண்டு போகும். பிறகு துரு, துருவிலிருந்து கேம் முனையில் குழி.

பொருத்திய பின் சும்மா பத்து நிமிடம் தரையில் ஓட்டி நிறுத்துவதும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெரும்பகுதி எக்ஸாஸ்ட்டில் போனாலும், பிஸ்டன் ஓரமாகக் கசிந்து இறங்கும் பங்கு எஞ்சினுக்குள் தங்கிவிடும். எண்ணெய் நன்றாகச் சூடேறிப் பறந்தால்தான் அது ஆவியாகி வெளியேறும்.

தள்ளுபடியை விட்டுவிட முடியாதென்றால், நீண்ட நாள் இருப்புக்கான காப்பு எண்ணெயோடு பேக் செய்து தரச் சொல்லி வாங்குங்கள். ஸ்பார்க் பிளக் துளைகளில் சிலிக்கா ஜெல் நிறைத்த பிளக்குகள், எக்ஸாஸ்ட், இன்டேக், பிரீதர் (எஞ்சினின் மூச்சுக்குழாய்) எல்லாவற்றுக்கும் மூடி. பிளக் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியதும் மாற்றுங்கள். அட்லாண்டா கோடையில் மாதம் ஒரு முறையாவது எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கே: அப்பா பழைய சைக்கிளுக்குத் தேங்காய் எண்ணெய்தான் தடவுவார். விமான பாகங்களுக்குத் தடவினால் என்ன?
— நியூ ஜெர்சி

ப: எண்ணெய் கசந்து அமிலமாகும், தூசி ஒட்டும், ப்ரைமர் ஒட்டாது. கராஜில் எலி இருந்தால் அது விருந்துக்கு வரும். எலி மூத்திரம் அலுமினியத்தைத் தின்பதுபோல வேறெதுவும் தின்பதில்லை.